மெஷினை நிறுத்துங்கள், அம்மணி

– இரைச்சல் போடும் அந்தத் துணி பிழியும் மெஷினை நிறுத்துங்கள், அம்மணி! சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்!

– நிறுத்த மாட்டேன். சேதி சொல்ல மாட்டேன்னு நீங்க மொதல்ல சொல்லுங்க, நிறுத்தறேன்.

– தூதன் சேதி சொல்லாமல் போவதா?

– தாராளமாப் போங்க. வந்த புகைபோக்கி அங்கயேதான் இருக்கு.

– பாவம் அண்ணி. மேலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்காரு. காது குடுத்துக் கேட்டா என்ன குறைஞ்சுடும்?

– நீ சும்மா இரு குருவி. உன் அண்ணன் விஷயமா வந்திருக்காரு, அதான் உனக்குக் கால் தரையில நிக்கல. விரிப்பை மடி. சாயங்காலத்துக்குள்ள இந்தத் துணியெல்லாம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரணும்.

– அம்மணி, என்னைக் கண்டால் மனிதர்கள் பயந்து நடுங்குவது வழக்கம். உடனே நான் 'பயப்படாதே' என்பேன். அதன் பிறகு சேதி. காலம் காலமாக அதுதான் முறை. நீங்கள் முதல் படியிலேயே ஒத்துழைக்கவில்லை.

– நடுக்கம்தானே வேணும்? இந்த மெஷின் மேல கையை வைங்க. பல்லு வரைக்கும் நடுங்கும்.

– சும்மா சொல்லக்கூடாது அண்ணி, றெக்கை நிஜம்தான். இழுத்துப் பார்த்துட்டேன்.

– அது நீங்கள்தானா? நல்ல இறகு, பெண்ணே. மறுபடி முளைக்க ஒரு யுகம் ஆகும்.

– ஐயோ, மன்னிச்சுக்குங்க. இதோ, பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்.

– என் அங்கி எங்கே? இந்தப் போர்வை முழுவதும் 'லாட்ஜுக்குச் சொந்தம்' என்று அச்சடித்திருக்கிறது. இதைச் சுற்றிக்கொண்டு நான் எப்படித் தெய்வச்சேதி சொல்வேன்?

– அங்கி தொட்டியில ஊறுது. கரியை அப்பிக்கிட்டு வந்து ஒரு வண்டி வெள்ளை விரிப்பு மேல விழுந்தீங்களே, அப்படியே விட்டுடுவேனா? வாசல்ல மணி இருக்கு, கண்ணுல படலையா?

– தூதர்கள் மேலிருந்துதான் இறங்க வேண்டும்.

– இறங்குங்க, யாரு வேணாங்கறா? கரி போயிடும். அங்கியோட கையில ஒரு பழைய கறை இருக்கே, அது என்னது? துரு மாதிரி இருக்கு.

– அது வந்து... மேலிடத்து வாசல் கதவு. பூட்டுக்கு எண்ணெய் போட்டு நாளாகிறது.

– அண்ணி, சொர்க்கத்துல துருவாம்!

– எலுமிச்சை உப்பு போட்டிருக்கேன், விட்டுடும். எங்ககிட்ட வந்த துணி கறையோட திரும்பினதே இல்ல. தூதர் அங்கியா இருந்தா என்ன, துணி துணிதான்.

– தூதரே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணியோட சண்டை போடறப்ப தொண்டை கணீர்னு இருக்கு. அதே மாதிரி சேதியையும் கத்திச் சொல்லிட்டா என்ன? மெஷின் ஓடினா ஓடிட்டுப் போகுது.

– கூடாது, பெண்ணே. தெய்வச்சேதியைக் கூவக்கூடாது. அது என்ன, காய்கறியா? அமைதியான குரலில், கேட்க வேண்டியவர் காதில் முழுசாக விழும்படி சொல்ல வேண்டும். விழுந்த அடுத்த கணம் அது நடந்துவிடும்.

– கேட்டியா குருவி? காதுல விழுந்தா நடந்துடும். விழலைன்னா நடக்காது. சரிதானே தூதரே?

– சரிதான். ஆனால் விழும்வரை நான் இங்கேயே இருப்பேன். திரும்பிப் போக எனக்கு அனுமதி இல்லை.

– இருங்க. எங்களுக்கும் ஆள் பத்தலை. அந்த முனையைப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழக்கூடாது.

– நான் விரிப்பு மடிக்க அனுப்பப்பட்டவன் அல்ல!

– இங்க நிக்கறவங்க கை சும்மா இருக்கக்கூடாது. அது எங்க முறை. உங்களுக்கு மட்டும்தான் முறை இருக்கணுமா?

– ...இப்படியா?

– பரவாயில்லையே. பழக்கம் உண்டோ?

– தினமும் றெக்கையை மடிக்கிறோமே, அம்மணி.

– சும்மா சொல்லக்கூடாது, நம்ம பழைய வேலைக்காரரைவிட நல்லாவே மடிக்கிறாரு. ஏன் தூதரே, அந்தச் சேதியில என்ன இருக்குன்னு உங்களுக்காவது தெரியுமா?

– தெரியாது. என் நாக்கில் முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வாயைத் திறந்து சொல்லும்போதுதான் எனக்கே தெரியும். விஷயம் மட்டும் சொன்னார்கள். பலூனில் ஏறிப் போன ஒரு மனிதர். அவரைப் பற்றி இந்தச் சலவைக்கூடத்து இஸ்திரி மேசை முன்னால் நின்று வேண்டிக்கொண்ட ஒரு பெண்.

– நல்ல சேதியா கெட்ட சேதியான்னாவது தெரியுமா?

– கேட்டது கிடைத்துவிட்டது. அதில் சந்தேகமே வேண்டாம். கிடைக்காது என்று சொல்ல மேலிடம் ஆள் அனுப்புவதில்லை. அதற்கு மௌனமே போதும்.

– போச்சு. எல்லாம் போச்சு.

– என்ன அண்ணி போச்சு? எத்தனை நாள் அந்த மேசை முன்னாடி நின்னு 'அவரைத் திருப்பி அனுப்பு'ன்னு அழுதிருக்கீங்க! கண்ணீர் இஸ்திரிச் சூட்டுல விழுந்து சுர்ருங்கும், எனக்கு அடுத்த அறையில கேக்கும். இப்பக் கேட்டது கிடைச்சிருக்கு. வாங்கிக்குங்க அண்ணி. என்னைப் பத்தி யோசிக்காதீங்க.

– அப்ப அழுதேன்டி. இல்லேங்கல.

– ஒரு சின்ன சந்தேகம், அம்மணி. அந்தப் பலூன் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டதா?

– ஆமா. ஏன்?

– அதுவா! எங்கள் தெற்கு வாசலில் வந்து முட்டியது. நாங்கள் எல்லாரும் பதறிப்போய் ஓடினோம். ஒருவர் கூடையிலிருந்து தலையை நீட்டி, 'வணக்கம், மேகத்தையெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன், ஏறிக்கொள்ளுங்கள்' என்று எங்களையே கூப்பிட்டார்.

– அவரேதான்.

– யாராவது ஏறினீங்களா?

– இளையவர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். பாதி வழியில் நெருப்பு அணைந்துவிட்டது. கடைசியில் அவர்கள்தான் பலூனை இழுத்துக்கொண்டு பறந்து, கீழே ஏதோ ஒரு வயலில் இறக்கிவிட்டு வந்தார்கள். அப்போதும் அவர், 'பயணம் எப்படி இருந்தது?' என்று கேட்டாராம்.

– பார்த்தீங்களா? மேலயே போய் உங்களையே கவுத்திருக்காரு. உங்களுக்கே அந்தக் கதின்னா நான் எம்மாத்திரம்?

– மெஷின் வேகம் குறையுதே அண்ணி.

– தெரியுது. இன்னொரு பாரம் தயாரா இருக்கு. இங்க பாருங்க தூதரே, நீங்க பிடிச்சிருக்கற விரிப்பு காயறதுக்கு மொதல்ல பிழியணும். பிழியறதுக்கு மெஷின் வேணும். அந்தப் பலூனை எதை வித்து வாங்கினாருன்னு நினைக்கறீங்க? பிழியற மெஷினை வித்து! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 'காத்து நல்லா அடிக்குது, சாயங்காலம் வந்துடறேன்'னு கையை ஆட்டிட்டுப் போனாரு. மறுநாள் காலையில மருத்துவமனை வண்டி வந்து நிக்குது. மலை மாதிரி துணி. மெஷின் இருந்த இடத்துல நாலு ஆணி ஓட்டைதான் இருக்கு.

– அண்ணியும் நானும் கையாலயே பிழிஞ்சோம். ஒரு முனை அவங்க, ஒரு முனை நான். முறுக்கி முறுக்கி ராத்திரி சாப்பாட்டைப் பிசையக்கூட விரல் மடங்காது.

– குருவி அப்ப கல்யாணத்துக்குப் பார்த்துக்கிட்டிருந்த பொண்ணு. பொண்ணு பார்க்க வந்த அம்மா கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, 'என்னம்மா, கொத்து வேலைக்குப் போறியா'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

– அந்த வீட்டுக்குப் போகாம தப்பிச்சேன் அண்ணி. அந்தம்மா மூக்கால பேசுவாங்க.

– சிரிக்காதே. அப்படித்தான் ஒவ்வொரு பொருளா திரும்ப சேர்த்தோம் தூதரே. இந்த மெஷின், அந்தப் பாய்லர், அந்தத் தள்ளுவண்டி. எல்லாம் எங்க கை. ஆனா கடை இன்னிக்கும் அவர் பேருலதான் இருக்கு. வந்தார்னு வைங்க, மொதல்ல என்ன சொல்வாரு தெரியுமா? 'அட, நல்ல மெஷினா வாங்கிப் போட்டிருக்கியே'ம்பாரு. அடுத்த வாரம் மெஷின் இருக்காது. கப்பல் வாங்கியிருப்பாரு.

– நீங்கள் தர மறுத்துவிடலாமே, அம்மணி?

– அங்கதான் சிக்கல். அவர் கெட்டவர் இல்ல. அடிச்சதில்ல, திட்டினதில்ல. வாசல்ல நின்னுக்கிட்டுச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பைப் பார்த்தா நான் சாவியை எடுத்துக் கையில குடுத்துடுவேன். அவரை நினைச்சு இல்ல, என்னை நினைச்சுத்தான் எனக்குப் பயம்.

– பயமா? பயம் என்றா சொன்னீர்கள்? அப்பாடா, மெஷினும் நின்றிருக்கிறது! பயப்படாதே, பெண்ணே! நீ நாள்தோறும் வேண்டி–

– குருவி! மெஷினைப் போடு! போடு போடு போடு!

– போட்டுட்டேன் அண்ணி!

– இது அநியாயம்! மெஷினில் துணியே இல்லை! காலி மெஷினை ஓட்டுகிறீர்கள்!

– என் மெஷின், நான் ஓட்டுவேன். நீங்க என்ன, மனுஷி அசந்த நேரம் பார்த்துப் பாயறீங்க? மேலிடத்துல இதுதான் பழக்கமா?

– என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். போன தடவை ஒரு தச்சரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் மயங்கி விழுந்தார். அதற்கு முன்னால் அண்ணன் தம்பி இரட்டையர். தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆள் மாறிச் சொன்னால் சேதி செத்துவிடும், அம்மணி. இந்தத் தடவையும் தவறினால் என்னை மழை இலாகாவுக்கு மாற்றிவிடுவார்கள்.

– மழை நல்ல வேலைதானே?

– எல்லாரும் திட்டுவார்கள். பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு. நான் இங்கிருந்து சொல்லாமல் நகர மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

– நானும் கேக்காம இருக்கப்போறது நிச்சயம். மெஷினுக்குக் கரண்டு இருக்கு, எனக்குக் கை இருக்கு. பார்த்துடலாம்.

– அண்ணி.

– என்ன?

– அப்ப நிஜமாவே நீங்க... அண்ணன் வரணும்னு நினைக்கலையா?

– இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினேனே, அது என்ன பாட்டா?

– இல்ல, இன்னிக்கு மட்டும் சொல்றீங்களா, இல்ல ரொம்ப நாளாவேவா?

– இந்த மெஷின் வந்த அன்னிக்கே விட்டுட்டேன். மொதல் பாரம் பிழிஞ்சு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? நீ துணியை முகத்துல ஒத்திக்கிட்டு, 'ஈரமே இல்ல அண்ணி'ன்னு குதிச்சே. அன்னிக்கு ராத்திரி வழக்கம் போல மேசை முன்னாடி போய் நின்னேன். வாயில வார்த்தை வரலை. போய்ப் படுத்துட்டேன். அதோட சரி.

– எங்கிட்ட ஏன் சொல்லலை?

– எப்படிச் சொல்றது? உன் கூடப்பிறந்தவர். உன்கிட்ட வந்து, 'உன் அண்ணன் வராம இருந்தா நல்லா இருக்கும்'னு சொல்ல எனக்கு நாக்கு வருமா? நீ எனக்காகக் கையைத் தேய்ச்சுக்கிட்டவ.

– அப்ப அந்த நீலச் சட்டை?

– எந்த நீலச் சட்டை?

– அண்ணனோடது. வாராவாரம் தோய்ச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஆணியில மாட்டறீங்களே?

– நீ பார்க்கணும்னுதான். அது அங்க தொங்கலைன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு.

– நான் அதை வாராவாரம் எடுத்து அழுக்குக் கூடையில போடறது எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்க தோய்க்க ஆசைப்படுவீங்களேன்னு!

– அடிப்பாவி!

– குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஒரு சட்டையை யாரும் போடாமலே வாராவாரம் தோய்த்தீர்களா?

– நீங்க மடிங்க தூதரே. இது குடும்ப விஷயம்.

– இல்லை அம்மணி, இது என் விஷயம். இப்போது ஒன்று சொன்னீர்களே. மெஷின் வந்த நாளோடு வேண்டுவதை விட்டுவிட்டீர்களா?

– ஆமா. அதான் சொன்னேனே.

– அதற்கப்புறம் ஒரு நாள்கூட இல்லையா? மறந்துபோய்? தூக்கத்தில்?

– தூக்கத்துல நான் மெஷின் ரிப்பேராகற மாதிரி கனவுதான் காண்பேன். எதுக்குக் கேக்கறீங்க?

– ஐயோ. ஐயையோ. இதைத்தான் வந்தவுடன் முதலில் கேட்க வேண்டும். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். 'கடைசியாக எப்போது வேண்டினீர்கள்?' அதுதான் முதல் கேள்வி. கரி கண்ணில் விழுந்ததில் மறந்தே போய்விட்டேன்.

– அதுல என்ன இருக்கு?

– விட்டுவிட்ட வேண்டுதலுக்கு நாங்கள் வருவதில்லை, அம்மணி. அது தானாக உதிர்ந்துவிடும். நேற்று வரைக்கும் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் தூதன். இந்தச் சேதிக்கு உரியவர் நேற்றுக்கூட அந்த மேசை முன்னால் நின்றிருக்கிறார். அது நீங்கள் இல்லை.

– நான் இல்லையா? அப்ப யாரு? இந்த வீட்டுல நானும் குருவியும்தான்...

– நான் இந்த விரிப்பை வண்டியில வெச்சுட்டு வந்துடறேன்.

– குருவி.

– அண்ணி, நான்...

– நீயா? தினமுமா?

– கடையைப் பூட்டினப்புறம். நீங்க குளிக்கப் போற நேரம்.

– இத்தனை வருஷமாவா?

– ஆமா அண்ணி. ஆனா நான் கேட்டது என்னன்னா–

– வாயைத் திறக்காதீர்கள், பெண்ணே! கேட்டவர் தன் வாயால் சொல்லிவிட்டால் முத்திரை கலைந்துவிடும்! தயவுசெய்து! மழை இலாகா!

– சொல்ல விடுங்க தூதரே, அண்ணி முகத்தைப் பாருங்க.

– வேண்டாம். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்ன கேட்டிருப்பேன்னு தெரியாதா? ரத்த பாசம். தப்பே இல்ல. நான்தான் மடச்சி. நாம ரெண்டு பேரும் ஒரே முனையைப் பிடிச்சிருக்கோம்னு நினைச்சுட்டேன். விரிப்புன்னா ரெண்டு முனை இருக்கத்தானே செய்யும்.

– அண்ணி, ஒரே ஒரு தடவை என்னை நம்புங்க.

– நம்பறதுக்கு என்ன இருக்கு? உன் அண்ணன், உன் வேண்டுதல், உன் சேதி. இவ்வளவு நேரம் எனக்கு வந்ததுன்னு நினைச்சுத் தடுத்தேன். எனக்கு வந்ததை நான் தடுக்கலாம். உனக்கு வந்ததைத் தடுக்க நான் யாரு?

– அம்மணி, அப்படியென்றால் மெஷினை...

– இருங்க. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன். குருவி, நீயும் கேட்டுக்கோ. அவர் வரட்டும். வந்து அந்த வாசல்ல நிக்கட்டும். சிரிக்கட்டும். நான் நேராப் பார்த்துச் சொல்றேன், 'வாங்க, சாப்பிடுங்க, உங்க தங்கச்சியைப் பாருங்க. ஆனா இந்த மெஷின் மேல கை வெச்சா கையை வெட்டுவேன்.' கடை யார் பேருல இருந்தா என்ன, பேரா துணி தோய்க்குது? வக்கீலைப் பார்க்கறேன். மருத்துவமனைக்காரங்களை சாட்சிக்குக் கூப்பிடறேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது.

– சொல்லிடுவீங்களா அண்ணி? அண்ணன் சிரிச்சாலும்?

– சிரிச்சாலும். சொல்றப்ப குரல் நடுங்கும். நடுங்கட்டும், வார்த்தை மாறாது. இத்தனை நாள் அவர் வரக்கூடாதுன்னு ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். அதுவும் ஒருமாதிரி காத்திருக்கறதுதான். இனி அது வேண்டாம். தூதரே, உங்க முனையைக் கீழ விடாதீங்க, மேசை மேல வைங்க. குருவி, முன்னாடி வந்து நில்லு.

– பயமா இருக்கு அண்ணி.

– அப்ப உங்க முறை சரியா வந்துடுச்சு தூதரே. இதோ, மெஷினை நிறுத்தறேன்.

– நன்றி, அம்மணி. இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது... நின்றுவிட்டது. என்ன ஒரு அமைதி. போர்வை சரியாக இருக்கிறதா?

– லாட்ஜ் பேர் தெரியுது. பரவாயில்ல, சொல்லுங்க.

– கையைக் குடு குருவி. என்ன வந்தாலும் நான் இங்கதான் நிப்பேன். சொல்லுங்க தூதரே.

– பயப்படாதே, பெண்ணே. நீ நாள்தோறும் வேண்டியபடியே ஆயிற்று: உன் அண்ணன் எங்கே இருந்தாலும் சுகமாக இருப்பான், உன் அண்ணி நிமிர்ந்து நிற்கும் இந்த வாசலை மட்டும் அவன் ஒருநாளும் மிதிக்க மாட்டான்.